காளத்தி விளக்கும் கணிப்பொறித் திரையும்

பஞ்சபூதத் தலங்களுள் காற்றுக்கு உரியது திருக்காளத்தி. ஸ்ரீ என்னும் சிலந்தியும், காளம் என்னும் பாம்பும், ஹஸ்தி என்னும் யானையும் வழிபட்டமையால் ஸ்ரீகாளஹஸ்தி என்று பெயர் வந்தது எனத் தலபுராணம் கூறும். சுவர்ணமுகி ஆற்றங்கரையில் அமைந்த இவ்வூர் நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. கருவறைக்குள் காற்றுப் புக வழியில்லை. எனினும் அங்குள்ள விளக்குகளுள் ஒன்றின் சுடர் மட்டும் ஓயாது அசைந்துகொண்டிருக்கும். அதுவே வாயுலிங்கத்தின் மூச்சு என்பது அடியார்களின் நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. அசையும் ஒளி கண்ணுக்கு இன்பம் தருவது, கண்ணை ஈர்ப்பது. ஆனால் மிகச் சிலருக்கு, குறிப்பிட்ட வேகத்தில் மின்னி மறையும் ஒளி, மூளையைத் தாக்கி வலிப்பை வருவிக்கிறது. கோயில் விளக்கு யாரையும் வீழ்த்தியதாகக் கேட்டதில்லை. கணிப்பொறித் திரை வீழ்த்தியிருக்கிறது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு? இதை அறிந்துகொண்டால், திரையை யாருக்கும் தீங்கு செய்யாதபடி அமைப்பது அப்படியொன்றும் கடினமன்று என்பது விளங்கும்.

முதலில் ஒரு தவற்றை நீக்கிவிடுவோம். வலிப்பு நோய் உள்ளவர் எவரும் கம்ப்யூட்டர் முன் உட்காரக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்லுவதுண்டு. நன்றாகப் படிக்கும் பெண்ணைக் கணிப்பொறிப் பாடத்தில் சேர்க்கத் தயங்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். உண்மை என்ன? வலிப்பு நோயாளர் நூறு பேரை எடுத்துக்கொண்டால், ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர் ஏறத்தாழ மூவரே. மற்றத் தொண்ணூற்றேழு பேருக்குத் திரையால் தனித் தீங்கு எதுவுமில்லை. அவர்களைத் திரையிலிருந்து விலக்குவது கல்வியிலிருந்தும் வேலையிலிருந்தும் விலக்குவதாகும். இது ஒரு கொடுமை. அந்த மூவரை எண்ணிப் பாராமல் கண்ட இடமெல்லாம் மின்னொளியை வாரி இறைப்பது மற்றொரு கொடுமை. நம் நாட்டில் இரண்டும் ஒருங்கே நடக்கின்றன.

இந்த மூவர் யார் என்பதையும் நோக்க வேண்டும். ஒளிக் கூச்ச வலிப்பு பெரும்பாலும் தலைகாட்டுவது ஏழு வயதுக்கும் இருபது வயதுக்கும் இடையில். பூப்புப் பருவத்தை ஒட்டி மிகுதி. ஆண்களைவிடப் பெண்களிடத்தில் அதிகம். உறக்கமின்மையும் குடியும் அதனை எளிதாக்கும். இளமை, உறக்கமின்மை, விடிய விடியத் திரை: தேர்வுக் காலத்து மாணவர் விடுதிக்கு இதைவிடச் சிறந்த வருணனை ஏது? ஆகவே இது எங்கோ உள்ள எவருக்கோ ஆன செய்தியன்று.

புறத்தூண்டலால் வலிப்பு வருவது தென்னாட்டுக்குப் புதிதுமன்று. தலையில் வெந்நீரைச் சொம்பு சொம்பாக ஊற்றிக் குளிக்கும்போது சிலருக்கு வலிப்பு வருவதை நம் பக்கத்து மருத்துவர்கள் நெடுநாளாக அறிவர். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிலையத்தார் இத்தகைய நோயாளர் 279 பேரை ஆராய்ந்து 1988-இல் உலக மருத்துவ ஏடொன்றில் எழுதினர். தென்னிந்தியாவில் சிறப்பாகக் காணப்படும் வகை இது. அவர்களுக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரை என்ன தெரியுமா? வெந்நீரை வெதுவெதுப்பாக்கிக் கொள்ளுங்கள் என்பதே. ‘குளிக்காதே’ என்று எந்த மருத்துவரும் சொல்லுவதில்லை. திரைக்கும் இந்த நெறியே பொருந்தும்.

இனி, ஒளி எவ்வாறு மூளையைத் தாக்குகிறது என்பதைக் காண்போம். கண் வாங்கிய ஒளி, நரம்பு வழியே தலையின் பின்புறத்திலுள்ள பார்வைப் புறணியை அடைகிறது. அங்கே எண்ணற்ற நரம்பணுக்கள் உள்ளன. வழக்கமாக அவை சந்தைக் கூட்டம் போல ஆளுக்கொரு பேச்சாகப் பேசிக்கொண்டிருக்கும். திடீரென்று கண் நிறைய ஒளி தோன்றி மறைந்தால், அவற்றுள் பெரும்பகுதி ஒரே கணத்தில் குரல் கொடுக்கும். மீண்டும் தோன்றி மறைந்தால் மீண்டும் அதே கணத்தில். ஊஞ்சலை அதன் தாளம் அறிந்து தள்ளுவது போல, வினாடிக்குப் பதினைந்து இருபது முறை இப்படித் தள்ளினால், ஒருங்கிசைவு வலுத்துக்கொண்டே போகும். பெரும்பாலோர் மூளையில் இதனை அடக்கும் கடிவாளம் ஒன்று உண்டு. சிலரிடத்தில் அக்கடிவாளம் தளர்ந்திருக்கிறது. ஒருங்கிசைவு பார்வைப் பகுதியோடு நில்லாமல் மூளை முழுவதும் பரவுகிறது. அதுவே வலிப்பு.

பண்டைக் காலத்தவர் இதனை ஓரளவு உணர்ந்திருந்தனர். சுழலும் குயவன் சக்கரத்தைப் பார்க்கச் செய்தால் வலிப்பு நோயுள்ளவன் விழுந்துவிடுவான் என்று உரோம நாட்டு எழுத்தாளர் அப்புலேயஸ் கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே குறித்தார். முறையான ஆராய்ச்சிக்கு, மூளையின் மின்னோட்டத்தை வரையும் கருவி வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை 1929-இல் வெளியிட்டார். 1946-இல் இங்கிலாந்தில் கிரே வால்ட்டரும் அவர் கூட்டாளிகளும் மின்னும் விளக்கை முகத்துக்கு நேரே காட்டி, அப்போது மூளை வரையும் அலைகளைப் பதிவுசெய்தனர். இன்றும் ஈ.ஈ.ஜி. எடுக்கும் அறையில் கண்ணெதிரே ஒரு விளக்கை வெவ்வேறு வேகத்தில் மின்னச் செய்வது அந்தச் சோதனையின் வழிவந்ததே. ஒருவர் அந்த மூவருள் ஒருவரா, தொண்ணூற்றேழு பேருள் ஒருவரா என்பதை அச்சோதனை பெரும்பாலும் சொல்லிவிடும். திருப்பதியில் 1993-இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ அறிவியல் நிலையத்தில் நரம்பியல் துறை உண்டு. 1949-இலேயே டாக்டர் ஜேகப் சாண்டி நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் காளத்திக்குத் தொலைவன்று. ஊரார் வாய்ச்சொல்லைக் கேட்டு அஞ்சுவதைவிட அங்கே சென்று கேட்பது மேல்.

தொலைக்காட்சி வந்த பிறகுதான் இந்த நோய் ஆய்வுக்கூடத்தைவிட்டு வீட்டுக் கூடத்துக்கு வந்தது. பழைய குழாய்த் திரை, நம் நாட்டு முறையில், வினாடிக்கு 50 முறை மின்னியது. வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக வரைந்தமையால், கிட்டே உட்கார்ந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஒவ்வொரு வரியும் 25 முறை துடித்தது. ‘பெட்டிக்குக் கிட்டே போகாதே’ என்று தாய்மார் அதட்டியதில் ஓர் உண்மை பொதிந்திருந்தது. இன்றைய தட்டைத் திரைகள் அப்படித் துடிப்பதில்லை. ஆகையால், முன்பு கருவியில் இருந்த தீங்கு இப்போது அதில் ஓடும் படத்துக்கு இடம் மாறிவிட்டது. பொறியாளர் கையிலிருந்த பொறுப்பு, படம் ஆக்குபவர் கைக்கு வந்திருக்கிறது. நாமும் அவர்களுள் அடக்கம்.

உலகம் இதனை உணர்ந்த நாள் 1997 டிசம்பர் 16. ஜப்பானில் மாலை நேரத்தில் போக்கிமான் என்னும் சிறுவர் கேலிச்சித்திரத் தொடரின் ஒரு பகுதி ஒளிபரப்பாயிற்று. அதில் வெடிப்பு ஒன்றைக் காட்டச் சிவப்பும் நீலமும் வினாடிக்குப் பன்னிரண்டு முறை மாறி மாறித் திரை முழுவதும் மின்னின. சில வினாடிகள்தாம். அன்றிரவு 685 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். அவர்களுள் பலருக்கு அதற்குமுன் வலிப்பு வந்ததே இல்லை. இது நெஞ்சில் இருத்த வேண்டிய செய்தி. தமக்கு இந்தக் கூச்சம் உண்டு என்பதை அறியாதவரே பலர். முதல் வலிப்பே அவர்களுக்கு முதல் எச்சரிக்கை. ‘மின்னொளி வரும், நோயுள்ளவர் பார்க்க வேண்டா’ என்று தொடக்கத்தில் ஒரு வரி போட்டுவிட்டுக் கடமை தீர்ந்ததென இருப்பது ஏன் போதாது என்பதற்கு இதுவே விடை. அத்தொடர் நான்கு மாதம் நிறுத்தப்பட்டது. பிரிட்டனில் இதற்கு முன்பே, 1993-இல், நூடுல்ஸ் விளம்பரம் ஒன்று சிலருக்கு வலிப்பை வருவித்ததால் தொலைக்காட்சிக்கு விதிகள் வகுத்திருந்தனர். அவ்விதிகளின் சாரம் கணிப்பொறிக்கும் வந்தது. 2008 டிசம்பரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிட்ட அணுகுமை நெறிகளில், எந்தப் பக்கமும் ஒரு வினாடியில் மூன்று முறைக்குமேல் மின்னக் கூடாது என்று கண்டிப்பான விதி உள்ளது.

மின்னல் என்று எதனை எண்ணுவது? ஒளி கூடி மீண்டும் குறைவது ஒரு மின்னல். அஃதாவது எதிரெதிரான இரண்டு மாற்றங்கள் சேர்ந்து ஒன்று. எவ்வளவு இடம்? பத்துப் பாகைப் பார்வைப் புலத்தில் கால் பங்கு என்பது விதி. கணக்கிட்டுப் பார்ப்போம். திரை கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தொலைவில் இருந்தால், இது ஏறக்குறைய 21.6 சதுர சென்டிமீட்டர். தீப்பெட்டியின் முகத்தைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான். கைப்பேசியை 30 சென்டிமீட்டரில் பிடித்துப் பார்த்தால் 5.4 சதுர சென்டிமீட்டரே. பெரியதொரு தபால் தலை. மின்னும் பகுதி இதற்கு உட்பட்டால் தீங்கு குறைவு. மிஞ்சினால் வினாடிக்கு மூன்று என்னும் வரம்பு வந்துவிடும். சிறிய கைப்பேசிதானே என்று அலட்சியமாக இருப்பவர் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

இப்போது காளத்தி விளக்குக்குத் திரும்பலாம். பெரிய சுடர் எதுவும் காற்றில்லாமலே வினாடிக்குப் பத்து முறை அளவில் துடிக்க வல்லது. வேகத்தை மட்டும் பார்த்தால் அது தீங்கான எல்லைக்குள்தான் வருகிறது. ஆனால் தொலைவில் நிற்கும் அடியார் கண்ணில் அச்சுடர் பிடிக்கும் இடம் கடுகளவு. அது முற்றும் அணைந்து எரிவதில்லை, சற்றே கூடிக் குறைகிறது. தாளமும் ஒரே சீராக இல்லை. வேகம், பரப்பு, ஒளி இருள் வேறுபாடு ஆகிய மூன்றும் கூடினாலன்றித் தீங்கு விளையாது. திரையில் இந்த மூன்றையும் நாமே வேண்டுமென்று கூட்டுகிறோம்.

நான்காவது ஒன்றும் உண்டு, அது நிறம். செறிந்த சிவப்பு மற்ற நிறங்களைவிடக் கடுமையானது. ஜப்பானில் நேர்ந்தது இதற்குச் சான்று. ஆதலால் செறிந்த சிவப்பு மின்னுவதற்கு விதியில் தனிக் கட்டுப்பாடு வைத்துள்ளனர். கோடுகளும் சிலருக்கு ஆகா. அசையாத கோடுகளே போதும், கறுப்பும் வெளுப்புமாக நெருங்கிய வரிகள் கண்ணை நிறைத்தால் வலிப்பு வரக்கூடும். ஒரு பாகைக்கு மூன்று இணைக் கோடுகள் என்னும் அளவில் இது மிகுதி என்று ஆர்னால்டு வில்கின்ஸ் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் காட்டினார். நம் கோயில் மதில்களில் காவியும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டுகிறோமே, ஒரு காவியும் ஒரு வெள்ளையும் சேர்ந்து ஓரடி என்று வைத்துக்கொண்டால், ஐம்பது மீட்டர் தொலைவிலிருந்து பார்க்கும்போது சரியாக இந்த அளவு அமையும்! மதிலை இடிக்க வேண்டும் என்று யாரும் எண்ண வேண்டா. பார்வையை ஒருபுறம் திருப்பிக்கொள்ள அங்கே வழி உண்டு; இருட்டறையில் சுவர் நிறைந்த படத்துக்கு முன் அவ்வழி இல்லை. ஆகையால் விழா மேடைத் திரையில் கோடுகள் சுழலும் பின்னணியைத் தேர்ந்தெடுப்பவர் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்து திருமணச் சட்டத்தில் 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால், அடிக்கடி வரும் வலிப்பு மணத்துக்குத் தடை என்று சேர்த்திருந்தனர். பித்தோடு அதனை ஒரே தொடரில் எழுதிவைத்தனர். நோயாளருக்காகப் பரிந்து பேசியோரின் முயற்சியால் 1999-இல் அச்சொல் நீக்கப்பட்டது. சட்டத்திலிருந்து நீங்கிற்று, நம் திருமணப் பேச்சுகளிலிருந்து நீங்கிற்றா? நோயை மறைப்பவர் மறைப்பது மருந்துக்கு அஞ்சியன்று, மாப்பிள்ளை வீட்டாருக்கு அஞ்சியே. மறைக்கும் பெண் ‘இந்தப் படத்தை நிறுத்துங்கள், எனக்கு ஆகாது’ என்று அரங்கில் எழுந்து சொல்ல மாட்டாள். பேசாமல் இருந்து விழுவாள். ஆகவே அவள் சொல்லாமலே படம் தீங்கற்றதாக இருக்க வேண்டும். இக்கட்டுரை முழுவதிலும் நான் வற்புறுத்த விரும்புவது இந்த ஒன்றையே.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கணிப்பொறிச் செய்திகளும் எல்லோரும் அணுகத்தக்கனவாக இருக்க வேண்டும் என்கிறது. அதன் அட்டவணையில் வலிப்பு நோய் பெயர் சுட்டிச் சொல்லப்படவில்லை என்பது ஒரு குறை. 2009-இல் முதன்முதல் வெளிவந்து 2023-இல் மூன்றாம் பதிப்புக் கண்ட இந்திய அரசு வலைத்தள நெறிகளும், 2021-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட ஐ.எஸ். 17802 என்னும் தரமும் மேற்சொன்ன உலக நெறிகளையே தழுவியவை. ஏட்டளவில் குறைவில்லை. ஆனால் எந்தக் கல்வி நிலையத்தின் வலைப்பக்கத்தையும் திறந்து பாருங்கள்: அறிவிப்புக்கு அறிவிப்பு ‘புதிது’ என்னும் சொல் சிவப்பும் மஞ்சளுமாகக் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். நேர்மையாகச் சொல்லவேண்டுமானால், அச்சிறு சொல்லின் பரப்பு மேற்கண்ட வரம்புக்குள் அடங்குவதால் அதனால் வலிப்பு வருவது அரிது. எனினும் ஐந்து வினாடிக்குமேல் சிமிட்டுவதை நிறுத்த வாசகருக்கு வழி வேண்டும் என்பது வேறொரு விதி. அதனை அது மீறுகிறது. மூன்று ஆண்டுக்கு முந்திய அறிவிப்பும் ‘புதிது’ என்று சிமிட்டுவது எந்த விதியின்பாற்படும் என்பதை நான் அறியேன்.

நாம் செய்யக்கூடியவை எவை? ஜிஃப் என்னும் அசைபடத்தில் ஒவ்வொரு சட்டமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை நூற்றிலொரு வினாடிக் கணக்கில் எழுதுவர். ஒளியும் இருளுமாக இரண்டே சட்டங்கள் உள்ள படத்தில் அவ்வெண் 5 என்றால், வினாடிக்குப் பத்து மின்னல், தீங்கு. 17 என்று மாற்றினால் மூன்றுக்குச் சற்றுக் குறைவு, விதிக்கு உட்பட்டது. ஓர் எண்ணை மாற்றும் வேலை! வினாடிக்கு 25 சட்டம் ஓடும் விழாப் படத்தில் சட்டத்துக்குச் சட்டம் வெளுப்பும் கறுப்பும் மாறினால் பன்னிரண்டரை மின்னல். ஜப்பானில் நேர்ந்த அளவே அது. படத்தைத் தொகுக்கும் நண்பர் ஒவ்வொரு சட்டமாக நகர்த்தி எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். எண்ணப் பொறுமை இல்லாதவருக்கு, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயங்கும் டிரேஸ் நிலையம் ‘பீட்’ என்னும் சோதனை மென்பொருளை இலவசமாகத் தருகிறது. மேடையில் ‘ஸ்ட்ரோப்’ விளக்கு வைப்பவரிடம் வேகத்தைக் குறைக்கச் சொல்வதும் நம் கையில்தான் உள்ளது. வலைப்பக்கம் எழுதுவோர், அசைவு வேண்டா என்று கருவியில் குறித்துவைத்த வாசகருக்கு அசைவை நிறுத்திக் காட்டும் கட்டளையை இரண்டு வரியில் சேர்க்கலாம். ஐபோனில் 2023 முதல் மின்னும் படங்களைத் தானே மங்கச் செய்யும் அமைப்பும் உண்டு.

மின்னும் படத்தைப் படைக்கலமாக்கியவர்களும் உண்டு என்பதை வருத்தத்தோடு குறிக்க வேண்டியிருக்கிறது. 2016 டிசம்பரில் கர்ட் ஐகன்வால்ட் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளருக்கு வலிப்பு உண்டென்பதை அறிந்தே ஒருவன் ட்விட்டர் வழியே அத்தகைய படத்தை அனுப்பினான். அவர் வலிப்புற்று வீழ்ந்தார். பிரிட்டன் 2023-இல் இச்செயலைத் தனிக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. நம் விடுதிக் குழுக்களில் வேடிக்கைக்கென்று சுற்றிவரும் ‘உற்றுப் பார்’ படங்களை அனுப்புமுன் இதனை நினைத்துக்கொள்வது நன்று.

எதிர்பாராமல் திரை மின்னத் தொடங்கிவிட்டால், கூச்சம் உள்ளவர் இரண்டு கண்ணையும் மூடிக்கொள்ளக் கூடாது. இமை வழியே சிவந்த ஒளி கசிந்து தீங்கு கூடலாம். ஒரு கண்ணை உள்ளங்கையால் முற்றும் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்ப வேண்டும். ஒரு கண் வழியே மட்டும் வரும் தூண்டல் பெரும்பாலோருக்கு வலிப்பை எழுப்பப் போதாது.

அதையும் மீறி ஒருவர் வீழ்ந்தால், சாவிக்கொத்தையும் இரும்பையும் தேடி ஓடாதீர்கள், அவற்றால் பயனில்லை. வாயில் எதையும் திணிக்காதீர்கள்; கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். தலைக்கு அடியில் மடித்த துணி வையுங்கள். கூர்மையான பொருள்களை அகற்றுங்கள். துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைக் கடந்தால், அல்லது நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தால், 108-ஐ அழையுங்கள். ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் அதே எண்தான். கூட்டத்தை விலக்கி, விழித்தெழும்போது தெரிந்த முகம் ஒன்று மட்டும் அருகில் இருக்கும்படி செய்யுங்கள். எத்தனை நிமிடம் நீடித்தது, முந்தின இரவு உறங்கினாரா, திரையில் அப்போது என்ன படம் ஓடிக்கொண்டிருந்தது என்பவற்றை ஒரு துண்டுத்தாளில் குறித்து அவர் கையில் கொடுங்கள். மருத்துவர் முதலில் கேட்பவை இவையே. வீழ்ந்தவருக்கு இவற்றுள் ஒன்றும் நினைவில் இராது.